மூன்று மாத்திரை போட்டும் இறங்காத பிரஷர்: வயதான அம்மா அப்பாவுக்கு வீட்டிலிருந்து செய்ய வேண்டியவை

மூன்று வெவ்வேறு வகை பிரஷர் மாத்திரைகளைப் போதுமான அளவில் சாப்பிட்டும், அவற்றில் ஒன்று உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றும் வகையாக இருந்தும், அளவு இறங்காமல் நின்றால் அதை மருந்துக்கு அடங்காத உயர் ரத்த அழுத்தம் என்கிறார்கள் மருத்துவர்கள். நான்கு மாத்திரை போட்டால்தான் அடங்குகிறது என்றாலும் அதே வகைதான். ஆனால் இந்தப் பெயர் வாங்கிய முதியவர்களில் பலருக்கு உண்மையில் அந்த நிலை கிடையாது. அளந்த விதம் தவறாக இருக்கும், மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிருக்காது, அல்லது பிரஷரை மேலே தள்ளும் வேறொரு பொருள் தினமும் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். இந்த மூன்றையும் பார்க்காமல் நாலாவது மாத்திரையைச் சேர்ப்பதில் ஆபத்து இருக்கிறது. விடியற்காலையில் கழிவறைக்கு எழுந்தவர் தலைசுற்றி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது இப்படித்தான்.

கேரள-தமிழக எல்லையில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. பெரியவர்கள் ஒரு மாதம் பாலக்காட்டுச் சித்தூரில் மகள் வீட்டிலும் மறு மாதம் பொள்ளாச்சியில் மகன் வீட்டிலும் இருப்பார்கள். இங்கே கேரள அரசின் குடும்ப ஆரோக்கிய மையத்து மாத்திரை, அங்கே தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு தேடி வரும் மாத்திரை, நடுவில் கோயம்புத்தூர் தனியார் மருத்துவர் எழுதிய சீட்டு. மூன்று இடத்துக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பு இல்லை. அதனால் கீழே சொல்லும் வேலைகளை இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

முதல் வேலை: எண் உண்மையா என்று பார்ப்பது

கை மேற்புறத்தில் சுற்றும் தானியங்கிக் கருவியே வேண்டும். மணிக்கட்டில் கட்டும் கருவி முதியவர்களுக்கு நம்பகமானதல்ல. வாங்கும்போது பட்டையின் அளவைப் பாருங்கள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை டேப் வைத்து அளந்து, பட்டையில் அச்சிட்டிருக்கும் வரம்புக்குள் அது வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும். பொதுவாக வரும் பட்டை 22 முதல் 32 சென்டிமீட்டர் வரைதான். பருத்த கைக்கு அதைச் சுற்றினால் இல்லாத பிரஷரைக் காட்டும். கருவியை ஆண்டுக்கு ஒருமுறை மருத்துவமனைக்கு எடுத்துப்போய் அங்குள்ள கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே காபி, டீ, பீடி, புகையிலை போட்ட வெற்றிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்து உட்காரச் சொல்லுங்கள்; சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் மேல் அளவு பத்துப் புள்ளிக்கு மேலேகூட ஏறும். முதுகு சாய்ந்த நாற்காலி, தரையில் பதிந்த பாதம், மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் கை. கையைத் தொங்கவிட்டால் அளவு கூடும். சட்டைக்கையின் மேல் பட்டையைச் சுற்றக் கூடாது, வெறும் கையில் சுற்ற வேண்டும். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். அளக்கும்போது பேச்சு வேண்டாம், டிவியும் வேண்டாம்.

முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டும் கையையே எப்போதும் பயன்படுத்துங்கள். இரண்டுக்கும் 15 புள்ளிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். டயாலிசிஸுக்காக இணைப்பு வைத்த கையில் அளக்கவே கூடாது.

இனி ஏழு நாள் கணக்கு. காலையில் மாத்திரை போடுவதற்கு முன் இரண்டு தடவை, இரவு சாப்பாட்டுக்கு முன் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிமிட இடைவெளி. கருவி காட்டியதை அப்படியே எழுதுங்கள். பயமாக இருக்கிறது என்று நடுவில் வந்த பெரிய எண்ணை விட்டுவிடவும் வேண்டாம், குறையும்வரை திரும்பத் திரும்ப அளக்கவும் வேண்டாம். முதல் நாள் எண்களை ஒதுக்கிவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியை எடுங்கள். வீட்டில் 135/85 என்பது மருத்துவமனையில் 140/90க்குச் சமம். மருத்துவமனையில் 170, வீட்டுச் சராசரி 132 என்று வந்தால் அது மருத்துவரைக் கண்டதும் ஏறும் பிரஷர். அதற்காக மாத்திரையைக் கூட்டக் கூடாது.

நின்ற நிலையிலும் அளக்க வேண்டும். பல வீடுகளில் விடுபடுவது இதுதான். முதியவருக்கு மிக முக்கியமானதும் இதுதான். உட்கார்ந்து அளந்த பின் எழுந்து நிற்கச் சொல்லி, பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள, ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் அளக்கவும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் எழும்போது பிரஷர் விழுகிறது என்று பொருள். இது தெரியாமல் உட்கார்ந்த எண்ணை மட்டும் வைத்து மாத்திரை கூட்டினால் விழும் ஆபத்து கூடும்.

கருவியில் சீரற்ற துடிப்புக் குறி அடிக்கடி வந்தால் ஈ.சி.ஜி. எடுங்கள். இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடித்தால் பிரஷர் எண்ணும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாக வரும், பக்கவாத ஆபத்தும் கூடும். அதற்குத் தனி மருந்து வேண்டும்.

மாத்திரை உள்ளே போகிறதா?

"மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டால் "போட்டாச்சு" என்ற பதில்தான் வரும். "அம்மா, இந்த வாரத்துல எத்தனை நாள் விட்டுப்போச்சுங்க?" என்று கேட்டுப் பாருங்கள், உண்மை வரும். அதோடு அட்டையை எண்ணுங்கள். இரண்டு வாரம் யாராவது கண்முன்னே விழுங்க வைத்துவிட்டு மறுபடி ஏழு நாள் கணக்கு எடுத்தால் பாதிப் பேருடைய குழப்பம் அங்கேயே தீரக்கூடும்.

விட்டுவிடுவதற்குக் காரணம் இருக்கும், திட்டுவதற்கு முன் அதைக் கேளுங்கள். பஸ்ஸில் போகிற நாளில் சிறுநீர் வரும் என்று நீர் மாத்திரையை விடுவார்கள். வீடு திரும்பியதும் போடலாம், ஆனால் இருட்டுவதற்குள் போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி எழுந்து நடக்க வேண்டிவரும். எனலாப்ரில், ராமிப்ரில் போட்டால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். அதே வேலையைச் செய்யும் டெல்மிசார்டான், லோசார்டான் வகைக்கு மருத்துவர் மாற்றித் தருவார். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கும். அந்த வீக்கம் உடலில் நீர் சேர்ந்ததால் வருவதல்ல, நுண்குழாய்களிலிருந்து கசிவதால் வருவது. அதற்காக நீர் மாத்திரை சேர்ப்பது வீண். அளவைக் குறைப்பதோ சில்னிடிபினுக்கு மாற்றுவதோ பயன் தரும். "இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயம் ஊரெங்கும் உண்டு. கட்டுக்கு அடங்காத பிரஷர்தான் கிட்னியைக் கெடுக்கிறது என்பதை அப்பாவுக்குப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள் என்று பிரஷர் மாத்திரையையும் போடாமல் புறப்படுகிறார்கள். மாத்திரை இல்லாமல், ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் வந்து, படியேறி, சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்றவருக்கு 190 காட்டாமல் வேறென்ன காட்டும்? அந்த எண்ணை வைத்துப் புது மாத்திரை எழுதப்படுகிறது. சாப்பிடாமல் இருக்கச் சொன்னது சோற்றையும் டீயையும்தான். பிரஷர் மாத்திரையை ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டு வரலாமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் போடத்தான் சொல்வார்கள்.

அடுத்து, எல்லை தாண்டும் சீட்டுகள். எல்லா மாத்திரைகளையும், அரசு கொடுத்தது, கடையில் வாங்கியது, பழைய டப்பாவில் கிடப்பது என ஒன்று விடாமல் ஒரு துண்டின் மேல் கொட்டுங்கள். அட்டையின் பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படியுங்கள். ஸ்டாம்லோ, அம்லாங் இரண்டும் அம்லோடிபின்தான். டெல்மா, டெல்சார்டான் இரண்டும் டெல்மிசார்டான்தான். ஒரே மருந்தை இரண்டு பெயரில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. டெல்மிசார்டானும் ராமிப்ரிலும் சேர்ந்து ஓடிக்கொண்டிருந்தாலும் தவறு. இரண்டும் ஒரே வழியை அடைப்பவை, சேர்த்துப் போட்டால் பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் முக்கியம்: ஏ.எம். என்றால் அம்லோடிபின் சேர்ந்தது, எச். என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, சி.டி. என்றால் குளோர்தாலிடோன்.

பிறகு ஒரே ஒரு தாளில் மூலப்பெயர், மில்லிகிராம், நேரம், எழுதிய மருத்துவர், கடைசியாகப் பார்த்த கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் ரத்த அளவு), சோடியம், பொட்டாசியம் அளவுகள் தேதியோடு இருக்கட்டும். இரண்டு வீட்டுக்கும் ஒரு நகல். குறிப்பிட்ட ஒரே ஒரு மருத்துவர்தான் பிரஷர் மருந்தை மாற்றலாம் என்று முடிவு செய்யுங்கள். மற்ற இரண்டு இடத்திலும் இந்தத் தாளைக் காட்டினால் போதும்.

பிரஷரை மேலே தள்ளுபவை

மூட்டுவலி மாத்திரைதான் முதல் எதிரி. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், எட்டோரிகாக்சிப் எல்லாம் சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும், பிரஷர் மருந்தின் வேலையையும் மழுங்கடிக்கும். டெல்மிசார்டான், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கக்கூடும். மெடிக்கல் கடையில் "முட்டி வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கேட்டால் கிடைப்பது இவைதான். பாராசிட்டமால் இவற்றைவிடப் பரவாயில்லை, ஆனால் தண்ணீரில் நுரைத்துக் கரையும் வகை வேண்டாம். அதில் சோடியம் அதிகம். வயிற்று உப்புசத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பொடிகளுக்கும் இதே கதிதான்.

சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின், மூக்கடைப்புக்கு விடும் சொட்டு மருந்து, ஆஸ்துமாவுக்கோ வாதத்துக்கோ கொடுக்கும் ஸ்டீராய்டு ஆகியவையும் ஏற்றும். அதிமதுரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். இருமலுக்குக் கஷாயம், லேகியம், சூரணம் என்று தினமும் அதிமதுரம் சேர்த்துக்கொள்பவர்களுக்கு உடலில் உப்பு தங்கும், பொட்டாசியம் இறங்கும், பிரஷர் எகிறும். பாலக்காட்டுப் பக்கம் வைத்தியசாலைக் கஷாயமும் அரிஷ்டமும் அன்றாடப் பழக்கம். கஷாயத்தில் மேம்பொடியாக இந்துப்பு சேர்க்கச் சொல்லியிருப்பார்கள், அரிஷ்டத்தில் இயல்பாகவே சாராயச் சத்து உண்டு. வைத்தியரிடம் பிரஷர் இருப்பதைச் சொல்லி, அதிமதுரமும் இந்துப்பும் இல்லாமல் தர முடியுமா என்று கேளுங்கள். பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் "உடனே வலி போகும்" பொடிகளைத் தொடவே வேண்டாம். சித்தூர்க் கள்ளானாலும் கடைச் சாராயமானாலும் தினசரிக் குடி பிரஷரை உயர்த்தும். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும்.

உப்பு: அளந்து பார்த்தால்தான் தெரியும்

ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. "நாங்க உப்பு கம்மியாத்தான் போடறோம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் பிரித்த தேதியை அதன்மேல் எழுதுங்கள். நான்கு பேர் வீட்டில் 25 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு 10 கிராம். ஊறுகாய், பப்படம் கணக்கு இதில் இன்னும் சேரவில்லை.

நம் பக்கத்தில் உப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். மோரில் ஊறவைத்துக் காயவைக்கும் கொண்டாட்டம், உப்பிலிட்ட மாங்காயும் நெல்லிக்காயும், கடுமாங்காய், கருவாடு, நேந்திரங்காய் வறுவல். பப்படத்தில் உப்போடு பப்படக்காரம் என்ற சோடா உப்பும் சேர்கிறது, அதுவும் சோடியம்தான். மட்டை அரிசிக் கஞ்சி தன்னளவில் நல்ல உணவு. அதில் கல்லுப்புப் போட்டுக் கரைத்து, தொட்டுக்கொள்ள உப்பிலிட்டதும் வைத்தால் ஒரு வேளையிலேயே நாள் முழுவதற்குமான உப்பு உள்ளே போய்விடும். கஞ்சியில் உப்பை நிறுத்திவிட்டுத் தொடுகறியில் மட்டும் இருக்கட்டும். மொளகூட்டல், ஓலன் இரண்டும் தேங்காய், சீரகம், தேங்காய்ப்பால் சுவையில் நிற்பவை, உப்பைப் பாதியாக்கினாலும் நாக்கு தாங்கும். எலுமிச்சை, மிளகு, மாங்காய்த் துண்டு உதவும். ஒரே நாளில் வெட்டாமல் வாரம் கால்பங்கு என்று குறைத்தால் மூன்று நான்கு வாரத்தில் நாக்கு பழகிவிடும். பெரியவருக்கு மட்டும் சப்பென்று தனிச் சாப்பாடு போட்டால் மனம் நொந்து சாப்பாட்டையே குறைத்துக்கொள்வார்கள். வீடே குறைத்துக்கொள்வதுதான் நல்லது.

இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்பது தவறு; அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று கடையில் கிடைப்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அது உதவும். கிரியாட்டினின் கூடியவருக்கும், உடலில் பொட்டாசியத்தைத் தங்கவைக்கும் டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மாத்திரை போடுபவருக்கும் அது இதயத் துடிப்பையே நிறுத்தும் அளவுக்கு ஆபத்தாகலாம். இளநீருக்கும் இதே எச்சரிக்கை. பொள்ளாச்சி, சித்தூர்த் தோப்புக்காரர் வீடுகளில் தினம் இரண்டு மூன்று இளநீர் சாதாரணம். அதில் பொட்டாசியம் ஏராளம். ரத்தத்தில் பொட்டாசியம் அளவைப் பார்த்துவிட்டு, எத்தனை குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் இறங்கவில்லை என்றால்

இப்போதுதான் மருத்துவரிடம் மருந்தைப் பற்றிப் பேசும் நேரம். ஏழு நாள் தாள், நின்ற நிலை எண்கள், மருந்துத் தாள் மூன்றையும் எடுத்துப் போங்கள். கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சிறுநீரில் அல்புமின், சர்க்கரை, தைராய்டு, ஈ.சி.ஜி. ஆகியவை குறைந்தபட்சப் பரிசோதனைகள். பொட்டாசியம் குறைவாக இருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி, உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டீரோனை அதிகம் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடங்காத பிரஷர் உள்ளவர்களிடம் இது அரிதல்ல. பொட்டாசியம் சரியாக இருந்தாலும் இது இருக்கலாம். ஸ்பைரோனோலாக்டோன் தொடங்குவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்வது நல்லது, பிறகு செய்தால் முடிவு குழம்பும். டெல்மிசார்டான் போன்றதைத் தொடங்கியபின் கிரியாட்டினின் 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால் சிறுநீரகத் தமனி சுருங்கியிருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேன் எடுப்பார்கள். பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறல், பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம் இவை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அப்பாவுக்குப் புரோஸ்டேட் வீங்கிச் சிறுநீர் முழுதாகப் போகாமல் தேங்கினாலும் பிரஷர் அடங்காது.

மருந்தில் மருத்துவர் முதலில் திருத்தப் பார்ப்பது நீர் மாத்திரையை. பலருக்கு ஃப்ரூசமைடு எழுதப்பட்டிருக்கும். அது சில மணி நேரமே வேலை செய்யும். சிறுநீரகம் ஓரளவு இயங்கினால் குளோர்தாலிடோன் 12.5 மில்லிகிராம் அல்லது இன்டாபமைடு நாள் முழுவதும் பிடித்து நிற்கும். முதியவர்களுக்கு இவை சோடியத்தை இறக்கக்கூடும். தொடங்கிய இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை வேண்டும். திடீரென்று பேச்சு தடுமாறினாலோ, ஆளை மறந்தாலோ, நடை தள்ளாடினாலோ "வயசாச்சு" என்று விடாமல் அன்றே சோடியம் பாருங்கள்.

நாலாவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்கிறது என்பது 2015இல் வெளிவந்த பாத்வே-2 ஆய்வில் தெரிந்தது. முதியவருக்கு 12.5 மில்லிகிராமில் தொடங்கி 25க்குப் போகலாம். ஒன்று இரண்டு வாரத்திலும் பிறகு ஒரு மாதத்திலும் பொட்டாசியம் பார்க்காமல் இந்த மாத்திரையைத் தொடரக் கூடாது. ஆண்களுக்கு மார்பு வலித்து வீங்கினால் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், மாற்று உண்டு. குளோனிடின், பீட்டா தடுப்பான் (அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை) வகைகளை ஒருநாளும் திடீரென்று நிறுத்தக் கூடாது; பிரஷர் பழையதைவிட மேலே பாயும். வீடு மாறும்போது அட்டையை மறந்து வைத்துவிட்டு வருவதால் நடப்பது இது.

எவ்வளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது வயதையும் உடல் வலுவையும் பொறுத்தது. 80 வயதுக்குக் கீழே நன்றாக நடமாடுபவருக்கு 140க்குக் கீழே, தாங்கினால் 130 பக்கம். 80 தாண்டியவர்களுக்கும் மருந்து பயன் தரும் என்று 2008இல் வந்த ஹைவெட் ஆய்வு காட்டியது. அதில் இலக்கு 150/80. படுத்த படுக்கையாக இருப்பவருக்கும் அடிக்கடி விழுபவருக்கும் இலக்கைத் தளர்த்த வேண்டும். மேல் அளவு கூடியும் கீழ் அளவு 60க்குக் கீழே போயும் இருந்தால் மெதுவாகத்தான் போக வேண்டும்.

180ஐத் தாண்டினால்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், ஒரு கை அல்லது கால் துவளல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. எந்த மாநிலம், எந்த ஊர் என்று சேர்த்துச் சொல்லுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் மூளை ஸ்கேன் வேண்டும். அதனால் ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போங்கள். வாயில் மாத்திரையோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம்.

அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் ஓடத் தேவையில்லை. படபடப்பைக் குறைத்து அரை மணி நேரம் உட்கார வைத்து மறுபடி அளக்கவும். அன்றைய மாத்திரை விட்டுப்போயிருந்தால் கொடுக்கவும். அப்போதும் 180/120க்கு மேல் இருந்தால் அன்றே மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். நிஃபெடிபின் காப்ஸ்யூலை உடைத்து நாக்கின் கீழ் விடும் பழைய பழக்கம் கூடாது. பிரஷர் சட்டென்று விழுந்து மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போகாமல் போகும்.

வயிற்றுப்போக்கும் வெயில் காலமும்

வாந்தி, பேதி, காய்ச்சல் வந்து சாப்பாடு தண்ணீர் இறங்காத நாட்களில் நீர் மாத்திரை, டெல்மிசார்டான் வகை, ஸ்பைரோனோலாக்டோன் இவற்றை நிறுத்திவைக்கலாமா என்று அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். உடலில் நீர் வற்றியிருக்கும்போது இவற்றைத் தொடர்ந்தால் சிறுநீரகம் பழுதாகும். உப்பு இருக்கிறதே என்று பயந்து ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல் இருக்க வேண்டாம். பேதிக்கு அதுதான் மருந்து. சரியாகிச் சாப்பிடத் தொடங்கியதும் மருத்துவர் சொன்னபடி மாத்திரைகளைத் திரும்பத் தொடங்க மறக்கக் கூடாது.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது ரத்தக்குழாய்கள் விரிந்து, வேர்வையில் உப்பும் போய், மார்கழிக் குளிரில் தேவைப்பட்ட அதே மாத்திரை அளவு இப்போது கூடுதலாகிவிடும். மாசி பிறந்ததும் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை ஏழு நாள் கணக்கையும் நின்ற நிலை அளவையும் எடுங்கள். நிற்கும்போது மேல் அளவு 110க்குக் கீழே வந்தாலோ, எழும்போது கண் இருட்டினாலோ, வெயில் தணியும்வரை எந்த மாத்திரையை, எவ்வளவு குறைப்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, இரண்டு வீட்டுத் தாளிலும் அதே நாளில் திருத்திவிடுங்கள்.